ஹால்விங்கை நம்பி ஆரத்தையும் அடகு வைக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். சம்பளம் 38,000 ரூபாய். மச்சினன் பேச்சைக் கேட்டு, மனைவியின் நகைகளை மூன்று தடவையாக அடகு வைத்து 5 லட்சத்துக்கு பிட்காயின் வாங்கினேன். 2028-ல் ஹால்விங் வருகிறது, அதற்குள் இன்னும் வாங்கிப் போடுங்கள் என்கிறான். மிச்சம் இருப்பது ஆரம் மட்டும். வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். பிட்காயின் ஏறுமா இறங்குமா என்பது இரண்டாவது கேள்வி. மச்சினர் போன் செய்யும் போதெல்லாம் பீரோவைத் திறக்கிறீர்களே, அதுதான் உங்களைக் கவிழ்க்கிறது.

ஹால்விங் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கணினிகளை ஓட்டிப் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் மைனர்களுக்குப் புது நாணயம் பரிசாகக் கிடைக்கிறது. பரிவர்த்தனைகளைச் சேர்த்துப் பதிவு செய்யும் ஒரு தொகுப்புக்குப் பெயர் பிளாக். 2,10,000 பிளாக்குகளுக்கு ஒருமுறை அந்தப் பரிசு பாதியாகும், அதுதான் ஹால்விங். ஒரு பிளாக்குக்குச் சுமார் 10 நிமிடம், ஆகவே ஏறக்குறைய நான்கு வருஷம். 2009-ல் 50 நாணயம். 2012, 2016, 2020 என்று குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125-க்கு வந்துவிட்டது. இது முதல் நாளிலிருந்தே மென்பொருளில் எழுதி வைத்த கணக்கு, உலகத்துக்கே தெரியும். எல்லோருக்கும் தெரிந்த தேதிக்காக உங்களுக்கு மட்டும் யார் மலிவாக விற்பார்கள்?

புது வரத்து பாதியானால் விலை ஏறும் என்பதுதான் ஹால்விங்கை நம்புகிறவர்களின் கணக்கு. ஆனால் அதன் பலமும் குறைந்துகொண்டே வருகிறது. மொத்தம் வரப்போவது 2.1 கோடி நாணயம், 2024-லேயே 1.96 கோடிக்கு மேல் வந்துவிட்டது. இப்போது நாளொன்றுக்குச் சுமார் 450 புதிதாக வருகிறது, வருஷத்துக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. 2028-ல் அது 225 ஆகும். இருக்கிற குவியலோடு பார்த்தால் சொற்ப வித்தியாசம். முன்பு ஹால்விங்குக்குப் பிறகு விலை ஏறியது உண்மைதான். ஆனால் 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்டது, ஒரே வருஷத்தில் 16,000-க்கு அருகே விழுந்ததும் உண்மை. அந்த ஒரு வருஷத்தை வட்டி கட்டிக்கொண்டு தாக்குப்பிடிப்பீர்களா?

உங்கள் கணக்கைத் தோராயமாகப் போடுவோம். 5 லட்சத்துக்கு 12% வட்டி என்றால் மாதம் 5,000. இரண்டு வருஷத்தில் 1,20,000. லாபத்தில் 30% வரி, அதன் மேல் 4% செஸ், ஆக 31.2% போய்விடும். கழிக்க முடிவது வாங்கிய விலையை மட்டும்தான், நகைக்கடன் வட்டியைக் கழிக்க முடியாது. வட்டியை மட்டும் ஈடுகட்டவே 1,75,000 லாபம் வேண்டும். அதாவது விலை 35% ஏறினால்தான் நீங்கள் போட்ட இடத்தில் நிற்பீர்கள்! வட்டி கட்டாமல் அசலோடு சேர்த்து மறு அடகு வைத்தால் இன்னும் மோசம். நஷ்டம் வந்தாலோ, அதை வேறெந்த வருமானத்திலும் கழிக்க வழியில்லை.

இந்த வாரமே மூன்று அடகுச் சீட்டுகளையும் எடுத்து, வட்டி அதிகமாக இருப்பதை மேலே வையுங்கள். அந்தக் கடனை அடைக்கும் அளவுக்கு நாணயத்தை விற்று நகையைத் திருப்புங்கள். லாபம் வந்திருந்தால் வரிக்கு எடுத்து வைத்துவிடுங்கள். அப்புறம் தவணை தேதி நெருங்கும் அடுத்த சீட்டு. மச்சினரிடம், “இனி சம்பளத்தில் மிஞ்சினால் போடுகிறேன், நகை வராது” என்று மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.