டாக்டர் ஆகப்போகிற பிள்ளைக்கு வரலாறு எதற்கு?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். டாக்டர் ஆக வேண்டும் என்பது அவன் ஆசை, எங்கள் ஆசையும் அதுதான். நீட் தேர்வில் வரலாறும் கிடையாது, குடிமையியலும் கிடையாது. அதனால் சமூக அறிவியல் பீரியடில் பாதியை உயிரியலுக்குக் கொடுங்கள் என்று பெற்றோர் சிலர் சேர்ந்து பள்ளியில் மனு கொடுத்திருக்கிறோம். நாளைக்கு நோயாளியைக் காப்பாற்றப் போவது உயிரியல்தானே, பானிபட் போரா? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். பானிபட் போர் யாரையும் காப்பாற்றாது, சரி. ஆனால் உயிரியல் மட்டும் போதும் என்று நினைத்த இடங்களில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்பதற்குக் காலராவை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் மகனுக்கும் இது உதவும்.

காலராவில் ஆளைக் கொல்வது நீரிழப்புதான். கிருமி விடுகிற நச்சு, உடம்பிலிருக்கும் நீரையும் உப்பையும் குடலுக்குள் கொட்ட வைக்கிறது, கடுமையாக வந்தவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட அரிசி கழுவிய தண்ணீர் போலப் போகும், காலையில் நடமாடியவர் இரவுக்குள் இறந்துவிடலாம். அந்த நச்சு இருப்பதை 1959-ல் முயலின் குடலை வைத்து நிரூபித்தவர் கல்கத்தாவின் சம்பு நாத் தே. அடுத்த ஆண்டே ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்கர், உப்பிலிருக்கும் சோடியமும் குளுக்கோஸ் என்ற சர்க்கரையும் குடல் சுவரைக் கடந்து ஒன்றாகவே உள்ளே போகின்றன என்று ஐரோப்பாவின் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் விளக்கினார். காலரா வந்தாலும் இந்த வழி மட்டும் அடைபடுவதில்லை. ஆகவே உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தால் குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். 1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் குழுவினர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, நரம்பு வழியே ஏற்றும் திரவத்தின் தேவை 80 சதவீதம் குறைந்துவிடுகிறது என்று லான்செட் இதழில் எழுதினார்கள்.

அதோடு உயிரியல் தன் பங்கை முடித்துவிட்டது. ஆனால் பெரிய மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. உப்பு சர்க்கரைத் தண்ணீர் எப்படி மருந்தாகும், அப்படியே கொடுத்தாலும் பயிற்சி பெற்ற டாக்டர் பக்கத்தில் நின்று அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றார்கள். இது புதிதும் இல்லை. 1832-லேயே ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா என்ற டாக்டர், சாகக் கிடந்த ஒரு மூதாட்டியின் நரம்பில் உப்புநீரை ஏற்றி எழுப்பி உட்கார வைத்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் மறுபடி பேதி கண்டு, யாரும் திரும்ப ஏற்றாமல் அந்த அம்மா இறந்துபோனார். லாட்டாவும் மறு வருடமே காலமானார். அதற்கப்புறமும் நீர் வற்றிக் கிடந்தவர்களுக்கு ரத்தத்தை வடித்தும் பேதி மருந்து கொடுத்தும் பல பத்தாண்டுகள் வைத்தியம் நடந்தது. இதையெல்லாம் தெரிந்துகொண்ட மாணவன், தன் பேராசிரியர் சொல்கிறார் என்பதற்காக மட்டும் ஒன்றை நம்பிவிட மாட்டான். வரலாற்றுப் பாடம் அவனுக்குத் தருவது இந்த எச்சரிக்கையைத்தான், இதை எந்த உயிரியல் வழிகாட்டியிலும் நான் பார்த்ததில்லை.

1971-க்கு வருவோம். இன்றைய வங்கதேசமான கிழக்கு பாகிஸ்தானில் போர், ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தார்கள், முகாம்களில் காலரா. எல்லையோர ஊரான பன்காவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனார் திலீப் மஹலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர். படுக்கைகள் பதினாறு, நோயாளிகள் தரையெல்லாம். ஊசி ஏற்ற வேண்டுமானால் மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டுத்தான் ஏற்ற வேண்டியிருந்தது என்று பின்னால் அவரே சொன்னார். ஏற்றுவதற்குத் திரவமும் தீர்ந்துகொண்டிருந்தது. விதிமுறை டாக்டர் நிற்க வேண்டும் என்கிறது, நிற்க டாக்டர்களே இல்லை. அவர் கல்கத்தாவில் ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று பொட்டலம் கட்ட வைத்து, குழாய் வைத்த டிரம்களில் கரைத்து, இந்தாருங்கள், குடிக்கக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று நோயாளியின் அம்மாவிடமும் அண்ணனிடமும் கொடுத்துவிட்டார். லிட்டருக்கு 11 பைசா செலவு. 30 சதவீதம் வரை போன சாவு, அவர் பொறுப்பிலிருந்த முகாமில் 3.6 சதவீதத்துக்கு இறங்கியது.

அவர் செய்ததில் புதிய உயிரியல் எது? எதுவுமில்லை! பிள்ளையைப் பெற்றவளால் அளவு பார்த்துக் கொடுக்க முடியும் என்று நம்பினார், அவ்வளவுதான். அந்த நம்பிக்கை மனிதர்களைத் தெரிந்துவைத்திருப்பதிலிருந்து வருவது.

பிறகு வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980-களில் வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பியது. ஏழை வீட்டில் வெள்ளைச் சர்க்கரை இருக்காது, வெல்லம் இருக்கும். தராசு இருக்காது, கை இருக்கும். மூன்று விரல் நுனியில் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர், அதாவது ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மார்களைத் தங்கள் கையாலேயே கலக்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். எத்தனை வீடு ஏறினாய் என்று பார்த்து ஊழியருக்குச் சம்பளம் போடவில்லை. பிறகு இன்னொருவர் போய், அந்தத் தாய்க்கு எத்தனை குறிப்பு நினைவிருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பார், அதற்குத்தான் கூலி. அப்படியும் ஆரம்பத்தில் பலர் கற்றுக்கொண்டார்களே தவிரப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. ஏன் என்று போய் உட்கார்ந்து கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது: தாய்மார்கள் வயிற்றுப்போக்கை நான்கு வகையாகப் பிரித்து வைத்திருந்தார்கள், கரைசல் அதில் மிகக் கடுமையான ஒன்றுக்கு மட்டும் என்று நினைத்திருந்தார்கள், ஊழியர்களில் பலருக்கே தாங்கள் சொல்லிக்கொடுப்பதில் நம்பிக்கையில்லை, வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவேயில்லை. அப்புறம்தான் சந்தையிலும் மசூதியிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். இந்தக் கேள்விகளில் ஒன்றுக்காவது நுண்ணோக்கியில் பதில் தெரியுமா? நீங்கள் குறைக்கச் சொல்கிற பாடம்தான் இவற்றைக் கேட்கவே கற்றுக்கொடுக்கிறது.

இது ஏதோ பழைய கதை என்று விட்டுவிடாதீர்கள். உலகத்தில் வயிற்றுப்போக்கால் இன்றும் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட, ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் சாகிறார்கள். கர்நாடகத்திலும் பீகாரிலும் தனியாக வைத்தியம் பார்க்கிற 2000-க்கும் மேற்பட்டவர்களிடம், குழந்தைக்குப் பேதி என்று சொல்லும் நடிகர்களை அனுப்பி நடத்திய ஓர் ஆய்வு 2024-ல் சயன்ஸ் இதழில் வந்தது. ஓ.ஆர்.எஸ். என்று இன்று பாக்கெட்டில் வருகிற இதே உப்பு சர்க்கரைக் கலவை நல்லது என்று அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியும், ஆனாலும் எழுதிக்கொடுப்பதில்லை. கடையில் சரக்கு இல்லாததும், வேறு மருந்தில் கிடைக்கும் லாபமும் சிறிய காரணங்களாகவே இருந்தன. பெரிய காரணம், வைத்தியத்துக்கு வந்தவர் இந்தப் பாக்கெட்டை விரும்பமாட்டார், ஊசியோ ஆன்டிபயாட்டிக்கோ எதிர்பார்ப்பார் என்று வைத்தியம் பார்ப்பவர் தாமாகவே முடிவு செய்துகொள்வது. குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். போதும் என்று வந்தவர் வாய்விட்டுச் சொன்ன இடங்களில் எழுதிக்கொடுப்பது ஏறக்குறைய இரண்டு மடங்கானது. இதைக் கண்டுபிடித்தவர்கள் பொருளாதாரமும் சுகாதாரக் கொள்கையும் படித்தவர்கள்.

உயிரியல் வேண்டாம் என்று நான் சொல்லவேயில்லை, கிரேனும் சம்பு நாத் தேயும் இல்லையென்றால் அந்தப் பொட்டலத்தில் என்ன கட்டுவது என்றே தெரிந்திருக்காது. அதைப் பையன் நன்றாகப் படிக்கட்டும், சமூக அறிவியல் பீரியடை எடுக்காமல் படிக்கட்டும். இன்னொன்று, உங்கள் வீட்டில் குழந்தைக்கு அடுத்த முறை வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள், பாக்கெட்டில் எத்தனை மில்லி தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அதே அளவில் கரையுங்கள். வெறும் குளுக்கோஸ் பவுடரும், பழச்சுவை போட்டு டப்பாவில் விற்கிற இனிப்பு பானங்களும் இதற்கு மாற்று கிடையாது, சர்க்கரை அதிகமானால் பேதி கூடத்தான் செய்யும்.