வாசகர் கேள்வி – பதில்: புரட்டாசி வற்றலும் அடைமழைக் குழம்பும்

தேவிபட்டினம் வாசகி ஒருவர்: கொல்லையில் காய்த்த கொத்தவரங்காயையும் கத்திரிக்காயையும் சென்ற புரட்டாசியில் உப்புப் போட்டு வேகவைத்து வற்றல் போட்டோம். நல்ல வெயிலில் காய்ந்தும் கார்த்திகைக்குள் நமத்துப் பூசணம் பிடித்துவிட்டது. காரணம் என்ன? அதை வறுத்துச் சாப்பிடலாமா?

பதில்: முதலில் கடைசிக் கேள்விக்கு: கூடாது. பூசணத்தில் சில வகை உண்டாக்கும் நஞ்சு எண்ணெயில் பொரித்தாலும் அழியாது. மேலே துடைத்துவிட்டுப் பயன்படுத்துவதும் ஆபத்தே. முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

வெயிலில் குறை இருந்திருக்காது. காற்றையும் உப்பையும்தான் பார்க்க வேண்டும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் நாட்களில் நிலத்தின் மேலாக வரும் காற்று உலர்ந்திருக்கும். ஆனால் பிற்பகலில் கடற்காற்று ஏறியதும் அது ஈரத்தைச் சுமந்து வருவதால், காலையெல்லாம் காய்ந்த வற்றல் பொழுது சாயும்வரை மொட்டைமாடியிலேயே கிடந்தால் விட்ட ஈரத்தில் ஒரு பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மூன்று மணிக்குள் அள்ளி, துணியில் இறுகக் கட்டி உள்ளே வைத்து, மறுநாள் தரை சூடேறிய பிறகே விரியுங்கள். ஐப்பசியில் கிழக்கிலிருந்து கொண்டல் காற்றும் வடக்கிலிருந்து வாடையும் தொடங்கிவிட்டால் புதிதாக வற்றல் போடும் எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது. நம் இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அந்த வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது.

அடுத்தது உப்பு. உப்பளத்திலிருந்து வந்த புதிய கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடு மிச்சமிருக்கும். காற்றின் ஈரத்தை ஈர்ப்பது அதுவே. வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களில் வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து வைக்கும்போது அது கரைந்த கசப்பு நீர் பெருமளவு வடிந்துவிடும். வீட்டிலும் கல்லுப்பைக் கூடையில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடிந்த பிறகு எடுத்து, வெறும் வாணலியில் வறுத்துப் பயன்படுத்துங்கள். ஒரு கிலோ காய்க்கு 30 கிராம் போதும். உப்பைக் கூட்டினால் வற்றல் நிலைக்கும் என்று பலர் நம்புவது இந்தக் கரையில் பொய்த்துப்போகிறது.

காய்ந்ததா என்பதைக் கையால் அறியலாம். கொத்தவரங்காயை வளைத்தால் நார் இழுபடாமல் 'டக்'கென்று ஒடிய வேண்டும். கத்திரிக்காயின் காம்புப் பக்கம்தான் கடைசியாகக் காயும் என்பதால் அதை ஒடித்துப் பாருங்கள். சூடு ஆறியதும் தாமதிக்காமல் சிறு கண்ணாடிப் புட்டிகளில் அடையுங்கள். மறுநாள் காலை மூடியின் உட்புறத்தில் நீர் முத்து தெரிந்தால் இன்னும் ஒரு வெயில் தேவை. பெரிய சாடியில் மொத்தமாக வைத்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எல்லா வற்றலும் ஈரக்காற்றைக் குடிக்கும்.

ஏர்வாடி வாசகர் ஒருவர்: கடலுக்குப் போக முடியாத அடைமழை நாட்களில் வற்றலைக் கொண்டு வயிறு நிறையும்படி என்ன சமைக்கலாம்?

பதில்: கத்திரி வற்றலும் நெத்திலிக் கருவாடும் சேர்ந்த குழம்பைத்தான் நான் முதலில் சொல்வேன். வற்றலை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிழியுங்கள். கருவாட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் இருமுறை அலசுங்கள். நல்லெண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், தோலுரித்த பூண்டு, கறிவேப்பிலை தாளித்து, வற்றலை அதிலேயே நிறம் மாறும்வரை வதக்கி, புளிக்கரைசலும் வறுத்து அரைத்த முண்டு மிளகாயும் மல்லியும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இராமநாதபுரம் முண்டு மிளகாய் இந்தக் குழம்புக்கென்றே விளைந்தது போலிருக்கும். எண்ணெய் பிரிந்ததும் கருவாட்டைப் போட்டு, தேங்காய் விழுது சேர்த்து ஒரு கொதியில் இறக்குங்கள். உப்பை அதுவரை தொடாதீர்கள். வற்றலிலும் கருவாட்டிலும் இருப்பதே பெரும்பாலும் போதும். குதிரைவாலிச் சோற்றுக்கு இது நன்றாகப் பொருந்தும். சைவமாக வேண்டுவோர் கருவாட்டுக்குப் பதில் சுண்டை வற்றலைத் தனியே பொரித்துக் கடைசியில் சேர்க்கலாம்.

தொண்டி வாசகி ஒருவர்: வற்றலுக்குப் பதிலாகக் காய்களை ஃப்ரீசரில் வைத்தால் என்ன?

பதில்: வெண்டை, அவரை போன்றவற்றைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் முக்கி, குளிர்ந்த நீரில் ஆற்றி, ஈரம் துடைத்து வைக்கலாம். ஆனால் புயல் நாட்களில் மின்சாரம் நெடுநேரம் நின்றுபோகும் கரை இது. உருகி வெதுவெதுப்பான காயை மீண்டும் உறையவைக்கக் கூடாது என்பதால், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அதில் வைத்து, மீதியை வற்றலாக்குங்கள்.