ஜிஎஸ்டி கட்டியும் டேலியில் பாக்கி குறையவில்லையே?

கேள்வி: சார், காட்பாடியில் பெயிண்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பில் போடுவது, கணக்கு எழுதுவது எல்லாம் டேலி என்ற கணக்கு மென்பொருளில் நானேதான். மாதாமாதம் ஜிஎஸ்டி தவறாமல் கட்டுகிறேன். ஆனால் பேலன்ஸ் ஷீட்டைத் திறந்தால் சிஜிஎஸ்டி (மத்திய அரசு பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசு பங்கு) பாக்கி ஏறிக்கொண்டே போகிறது, லாபமோ குறைவாகக் காட்டுகிறது. கட்டிய பணத்தை ‘ஜிஎஸ்டி செலவு’ என்று ஒரு லெட்ஜர் (கணக்குத் தலைப்பு) திறந்து அதில் எழுதி வருகிறேன். எங்கே தப்பு?
- ஒரு வாசகர், காட்பாடி

பதில்: எங்கே தப்பு என்று கடைசியில் நீங்களே சொல்லிவிட்டீர்கள். 10,000 ரூபாய் பெயிண்டுக்கு 18 சதவீதம் சேர்த்து 11,800 வாங்குகிறீர்கள். அதில் விற்பனை 10,000 மட்டும்தான். மீதி 900 சிஜிஎஸ்டி, 900 எஸ்ஜிஎஸ்டி இரண்டும் உங்கள் கல்லாவில் கொஞ்ச நாள் தங்கிப் போகிற அரசாங்கப் பணம். வரும்போது வருமானமாக எழுதாததைப் போகும்போது செலவாக எழுதினால் லாபம் குறையத்தானே செய்யும்? கட்டியதை வரி லெட்ஜரில் எழுதாததால் அங்கே பாக்கியும் அப்படியே நிற்கிறது.

ஒரு மாதம் விற்பனை வரி சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி ஒவ்வொன்றிலும் 27,000, கொள்முதலில் நீங்கள் கொடுத்த வரி ஒவ்வொன்றிலும் 19,500 என்று வையுங்கள். கழித்தால் ஒவ்வொன்றிலும் 7,500, மொத்தம் 15,000 பேங்கிலிருந்து போக வேண்டும். எஃப்5 அழுத்திப் பேமெண்ட் வவுச்சரில் சிஜிஎஸ்டி 7,500, எஸ்ஜிஎஸ்டி 7,500 டெபிட், பேங்க் 15,000 கிரெடிட், அவ்வளவுதான். இன்புட்டுக்கும் (கொள்முதல் வரி) அவுட்புட்டுக்கும் (விற்பனை வரி) தனித்தனி லெட்ஜர் வைத்திருந்தால் மட்டும், முதலில் எஃப்7 ஜர்னலில் அந்த 19,500-ஐ ஒன்றுக்கொன்று கழித்துவிடுங்கள். இந்த வருஷத்துப் பழைய வவுச்சர்களைத் திறந்து லெட்ஜரை மாற்றினாலே கணக்கு நேராகிவிடும், ஆனால் ஆடிட் முடிந்த வருஷத்தைத் தொடாதீர்கள், அதை ஆடிட்டரிடம் காட்டி ஜர்னல் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், சலான் கட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் நிறைய. அந்தப் பணம் ஜிஎஸ்டி போர்ட்டலில் உங்கள் கேஷ் லெட்ஜரில் போய் உட்காரும், 3பி ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போதுதான் வரியில் கழியும். அவசரத்தில் 15,000-ஐயும் சிஜிஎஸ்டி தலைப்பிலேயே கட்டிவிட்டால் பயப்பட வேண்டாம், பிஎம்டி-09 படிவத்தில் பாதியை எஸ்ஜிஎஸ்டிக்கு மாற்றலாம். ஆனால் சிஜிஎஸ்டி இன்புட்டை எடுத்து எஸ்ஜிஎஸ்டி பாக்கியில் கழிக்க மட்டும் வழியே இல்லை.

சித்தூர் கடைக்காரருக்கு லாரியில் சரக்கு அனுப்புவீர்களா? திருப்பத்தூரைவிடச் சித்தூர்தான் நமக்குக் கிட்டே, இருந்தாலும் அது ஆந்திரா, அந்த பில்லில் முழு 1,800-ம் ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கான வரி). பார்ட்டி லெட்ஜரில் மாநிலத்தைச் சரியாகப் போட்டு வைத்தால் இதில் குழப்பம் வராது.

மாதம் கட்டுகிறவர்களுக்கு 3பி கடைசித் தேதி அடுத்த மாதம் 20. தவறினால் தாமதக் கட்டணம் ஒரு பக்கம், வருஷத்துக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டி ஒரு பக்கம், இரண்டையும் இன்புட்டில் கழிக்க விடமாட்டார்கள், ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். அது மட்டும் நிஜமாகவே உங்கள் கைக்காசு. நீங்கள் திறந்து வைத்த அந்த ‘ஜிஎஸ்டி செலவு’ லெட்ஜரைப் பெயர் மாற்றி அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.