பொங்கலைத் தாண்டும் இலக்கு: புத்தாண்டும் வலைப்பூவும் – கேள்வி பதில்

மார்கழி பிறந்துவிட்டால் வாசலில் கோலமும் வலைப்பூவில் சபதமும் பெரிதாகிவிடும். என் முதல் சபதம் 2010 புத்தாண்டில்: 365 நாளும் ஒரு பதிவு. பத்தொன்பதாவது பதிவின் கடைசி வரி "மீதி நாளை". அந்த நாளை ஆகஸ்டில்தான் வந்தது. அதன்பிறகு வருஷத்துக்கு ஓர் இலக்கு வைத்து, பாதியைக் கோட்டைவிட்டுக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். திண்டுக்கல்லில் ஒரு கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. பிளாக்கில் எழுதுவது பழைய வீட்டுச் சாமான்கள், கைத்தொழில்கள் பற்றி. போன வாரம் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். நாற்பதுக்கு மேல் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கரூர், பள்ளி ஆசிரியை: அக்கா, நாலு வருஷமா "தினமும் எழுதுவேன்"னு ஆரம்பிக்கிறேன். பொங்கலுக்குள்ள நின்னுடுது. ஜெயமோகன் மாதிரி தினமும் எழுதினவங்க இருக்காங்களே, எனக்கு மட்டும் ஏன் முடியலை?

டீச்சர், எடுத்த எடுப்பில் பெரிய இடத்தை இழுத்துவிட்டீர்கள்! அவர் 2014 ஜனவரி 1 அன்று தன் தளத்தில் வெண்முரசு என்ற மகாபாரத நாவல் வரிசையைத் தொடங்கி 2020 ஜூலையில் முடித்தார், மொத்தம் 26 நாவல்கள். எழுத்தே வேலையாக இருப்பவர் அவர். அப்படியும் ஒரு நாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விட்டுத்தான் போனார். நீங்களோ விடைத்தாள் திருத்திக்கொண்டே இடைவெளி இல்லாமல் ஓடப் பார்க்கிறீர்கள்.

முதலில் போன வருஷம் எத்தனை பதிவு போட்டீர்கள் என்று எண்ணுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை, எண்ணிக்கை வெட்கப்பட வைக்கும் என்று பயம். ஒன்பது என்று வந்தால் இந்த வருஷம் பதினைந்து வையுங்கள். ஒன்பதிலிருந்து 365க்குத் தாவினால் கால்தான் உடையும்.

இரண்டாவது, உங்கள் வருஷம் ஜனவரியில் தொடங்குவதில்லை. மார்ச், ஏப்ரலில் தேர்வு, ஜூனில் பள்ளி திறப்பு. அந்த மாதங்களுக்கு நேரே பூஜ்யம் என்று இப்போதே எழுதிவிடுங்கள். மே மாதம் ஐந்து, காலாண்டு விடுமுறையில் இரண்டு, அரையாண்டு விடுமுறையில் இரண்டு, மீதி ஆறும் ஓய்வான வாரங்களில். பூஜ்யம் திட்டத்திலேயே இருந்தால் அந்த மாதம் குற்ற உணர்ச்சி வராது. பாதிப் பேர் பிளாக்கை மூடுவது நேரமில்லாமல் அல்ல. இரண்டு மாதம் விட்டுப் போனபின் திரும்பி வரக் கூச்சப்பட்டுத்தான்.

மூன்றாவது, தினமும் எழுதுவது வேறு, தினமும் வெளியிடுவது வேறு. தினம் பத்து நிமிஷம் வரைவில் ஏதாவது தட்டுங்கள், வெளியிடுவது மாதக்கணக்கில் இருக்கட்டும். 21 நாள் செய்தால் பழகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள், நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஒரு செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆகியிருக்கிறது; சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கு. எனக்கு அதில் பிடித்தது இன்னொன்று: நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லையாம். நீங்கள் பொங்கலன்று எழுதவில்லை என்றால் மாட்டுப்பொங்கலன்று எழுதலாம், அவ்வளவுதான்.

கோவை, கல்லூரி மாணவர்: வருஷத்துக்கு ஒரு லட்சம் பார்வைன்னு இலக்கு வச்சிருக்கேன். சரியா?

தம்பி, அது உங்கள் இலக்கு இல்லை, ஊரார் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் எப்படி அவர்களுக்கு இலக்கு வைப்பீர்கள்?

என் கதையைக் கேளுங்கள். எங்கள் ஊர் மாங்காய்ப் பூட்டு பற்றி 2012இல் ஒரு பதிவு போட்டேன். ஏழு வருஷம் ஒருவரும் சீந்தவில்லை. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வாரம் வந்த கூட்டம், அதுவரை வந்த மொத்தக் கூட்டத்தைவிட அதிகம். நான் செய்தது 2012இல் எழுதி வைத்தது மட்டும்தான். பார்வையை இலக்காக வைத்திருந்தால் அந்தப் பதிவை 2013லேயே "ஓடாத சரக்கு" என்று தூக்கிப் போட்டிருப்பேன்.

எண்ணைப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. கூகுளின் சர்ச் கன்சோலில் பதிந்துகொள்ளுங்கள், இலவசம்தான். எந்தச் சொல்லைத் தேடி உங்கள் பக்கத்துக்கு வந்தார்கள் என்று பதினாறு மாதக் கணக்கு காட்டும். அதில் மொத்தத்தை விட்டுவிட்டுத் தேடிய சொற்களைப் படியுங்கள். "மாங்காய்ப் பூட்டு சாவி தொலைந்தால்" என்று தேடி என் பக்கத்துக்கு வந்து ஏமாந்து போனவர்கள் இருந்தார்கள். அதற்குப் பதில் தேடிப் போனதில் எனக்கு மூன்று பதிவு கிடைத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பட்டியலைப் படிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் கையில் இருக்கிறது.

மட்டக்களப்பு: அக்கா, எங்கட அம்மாவுக்கு 78 வயசு. அவ சொல்ற கதை, சமையல் எல்லாத்தையும் இந்த வருசம் எழுதி முடிக்க வேணும் எண்டு நினைச்சிருக்கன். எப்பிடிப் பிரிச்சு எழுதுறது? பேச்சுத் தமிழில எழுதினா மற்ற ஆக்களுக்கு விளங்குமா?

தங்கச்சி, உங்கள் கேள்விக்காகவே இந்தக் கேள்வி பதிலை வைத்தேன் என்று தோன்றுகிறது.

இலக்கை எழுத்தில் வைக்காதீர்கள், ஒலிப்பதிவில் வையுங்கள். வாரம் ஒரு நாள், இருபது நிமிஷம், போனை மேசையில் வைத்துவிட்டுப் பேசவிடுங்கள். வருஷத்தில் நாற்பது தடவை நடந்தாலும் பதின்மூன்று மணி நேரப் பேச்சு கையில் இருக்கும். எழுதுவதை அடுத்த வருஷம்கூடச் செய்யலாம். எங்கள் தெருவுக்கு ஈயம் பூச ஒரு பெரியவர் வருவார். அவரிடம் கேட்கப் பதினோரு கேள்வியை நோட்டில் எழுதி வைத்திருந்தேன், தீபாவளி முடியட்டும் என்று. அவர் புரட்டாசியிலேயே போய்விட்டார். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

"அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருந்தது" என்று முடித்துவிடுவார்கள். பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். உங்கள் ஊர் எருமைத் தயிருக்குப் பேர்போனது இல்லையா? ஒரு தயிர்ச் சட்டியைக் காட்டி, இது வீட்டில் எந்த மூலையில் இருக்கும், யார் உறை ஊற்றுவது, காலிச் சட்டியை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். ஒரு சட்டியில் மூன்று வாரம் ஓடும்.

பேச்சுத் தமிழை மாற்றவே மாற்றாதீர்கள். சொதி என்றால் என்னவென்று தெரியாமல்தான் நானும் முதலில் படித்தேன். இரண்டு வரி தள்ளித் தேங்காய்ப்பாலும் பச்சை மிளகாயும் வந்ததும் புரிந்துவிட்டது. அருஞ்சொற்பொருள் பட்டியல் போட வேண்டாம், சொல் முதல்முறை வரும் வாக்கியத்திலேயே பொருள் விளங்கும்படி எழுதுங்கள். ஒலிப்பதிவில் ஒரு பிரதி வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் இருக்கட்டும். ஈழத்து ஆவணங்களை 2005 முதல் சேர்த்து வரும் நூலகம் திட்டத்தாரிடமும் பேசிப் பாருங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: இந்த வருஷம் பிளாக்கில் மாதம் பத்தாயிரம் ரூபாய் சம்பாதிக்கணும். வழி சொல்லுங்க.

பிளாக்கில் விளம்பரம் போட்டு அதற்குப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ், தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில். கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு ரகசிய எண் வரும். நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம். எனக்கு அந்தத் தபால் வருவதற்குள் வீடு மாறிவிட்டேன், அதிலிருந்தே என் வருமானத்தை ஊகித்துக்கொள்ளலாம். தமிழ்ப் பக்கங்களுக்கு விளம்பர விலை குறைவு. "விண்ணப்பித்து அனுமதி வாங்குவது" என்று வேண்டுமானால் இலக்கு வையுங்கள். வாடகையை அதை நம்பி ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மதுரை: அப்பா 2007லேர்ந்து எழுதின பிளாக், நானூறு பதிவு. இப்ப அவருக்குக் கண் சரியில்லை. நான் புதுசா எழுதணுமா, இதைச் சரிபண்ணணுமா?

சரிபண்ணுங்கள். புதுப் பதிவே வேண்டாம், ஒரு வருஷம் முழுக்க மராமத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஓர் இலக்கை யாரும் வைப்பதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஜனவரி முதல் வாரம் ஒரே வேலை: அப்பா கூகுளின் பிளாகர் சேவையில் எழுதியிருந்தால், அதன் அமைப்புகளில் போய் மொத்தத்தையும் காப்புப் பிரதி எடுங்கள். பதிவும் பின்னூட்டமும் ஒரே கோப்பாக இறங்கும். படங்களும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லையென்றால் தனியாக இறக்குங்கள். அப்பாவின் கூகுள் கணக்கில் அவ்வப்போது நுழையுங்கள். இரண்டு வருஷம் தொடாமல் கிடக்கும் கணக்கை நீக்கலாம் என்பது 2023 முதல் அவர்கள் விதி. கடவுச்சொல் அப்பாவுக்கு மட்டும் தெரிந்திருந்தால் இன்று சாயங்காலமே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.

பிறகு வாரம் எட்டுப் பதிவு. நானூறும் ஐம்பது வாரத்தில் முடிந்துவிடும். திறந்து பாருங்கள்: படம் தெரிகிறதா, இணைப்பு போகிறதா? ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து திறந்தால் பிளாகர் பக்கங்களின் பிளாக்ஸ்பாட் முகவரி "டாட் இன்" என்று மாறிவிடும். அதை அப்படியே நகலெடுத்து இணைப்புக் கொடுத்தவர்கள் ஏராளம். அந்த டாட் இன் முகவரி 2020இல் கூகுளின் கையை விட்டுப் போய்விட்டது. டாட் காம் என்று திருத்தினால் பெரும்பாலும் திறக்கும். ஓரத்தில் "மின்னஞ்சலில் பெற" என்று பெட்டி இருந்தால் எடுத்துவிடுங்கள், அதை அனுப்பிவந்த கூகுளின் ஃபீட்பர்னர் அந்தச் சேவையை 2021லேயே நிறுத்திவிட்டது. பல பிளாக்குகளின் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய, இப்போது செத்துப்போன திரட்டிகளின் ஓட்டுப் பட்டையையும் எடுக்கலாம். எனக்கென்னவோ அதை எடுக்க மனசு வராது.

திருத்தும்போது பதிவை அப்பாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் சொல்லும் சேர்க்கையைக் கீழே தேதி போட்டுச் சேருங்கள். வருஷக் கடைசியில் நல்லதாக நாற்பதைப் பொறுக்கினால் மின்னூல் ஆகிவிடும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் 2013 முதல் இப்படிப் பதிவுகளைத் தொகுத்து வெளியிடுகிறார்கள். யாரும் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், அதை மட்டும் அப்பாவிடம் கேட்டுவிடுங்கள்.

தாம்பரம், இல்லத்தரசி: ரெண்டு குழந்தை, மாமியார், எனக்கு நேரமே இல்லை. எழுதணும்னு மட்டும் ஆசை.

அப்படியானால் உங்களுக்கு இந்த வருஷம் எண்ணிக்கையே வேண்டாம்மா. குரல்வழித் தட்டச்சு தமிழுக்கு 2017லேயே வந்துவிட்டது. பாத்திரம் தேய்த்து முடித்தபின் இரண்டு நிமிஷம் போனிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒற்று எல்லாம் தப்பாக விழும், பரவாயில்லை, பின்னால் திருத்திக்கொள்ளலாம். டிசம்பரில் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

சேலம்: ஃபேஸ்புக்ல போட்டா அஞ்சு நிமிஷத்துல நூறு லைக். பிளாக்ல ஈ ஓட்டணும். எதுக்குக்கா பிளாக்?

2004இல் தமிழ்மணம் என்ற திரட்டி தொடங்கிப் பல வருஷம், பதிவு போட்ட அரை மணியில் பின்னூட்டம் வரும். இப்போதைய லைக்கைவிடப் பெரிய போதை அது. அந்தக் காலம் போய்விட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போன ஆடியில் ஃபேஸ்புக்கில் எழுதியதை இப்போது தேடி எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம். ஃபேஸ்புக்கில் போடுங்கள், மறுநாள் கொஞ்சம் விரித்து பிளாக்கில் சேமியுங்கள். கூடவே ஒன்று: வாரம் இரண்டு அடுத்தவர் பிளாக்கில் போய்ப் பின்னூட்டம் எழுதுங்கள். "அருமை" கணக்கில் வராது. குறைந்தது மூன்று வரி, அதில் ஒரு கேள்வி.

ஓசூர்: ஏஐகிட்ட சொன்னா ஒரே நாள்ல வருஷத்துக்கான நூறு பதிவும் எழுதிடுமே?

எழுதிவிடும். அப்புறம் ஜனவரி 2 முதல் நீங்கள் என்ன செய்வதாக உத்தேசம்?

பழனி: உங்க இலக்கு என்னன்னு சொல்லவே இல்லையே?

பதினெட்டுப் பதிவு. போன வருஷம் பதினாறு. ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் கடையில் தலை நிமிர முடியாது, அந்த இரண்டு மாதத்துக்கும் பூஜ்யம். அந்தப் பதினெட்டில் நான்கு, பூட்டுப் பட்டறைக்காரர்களை நேரில் பார்த்து எழுதுவது. கையால் பூட்டுச் செய்பவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். முதல் ஆள் நாகல் நகரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குமேல் வரச் சொல்லியிருக்கிறார். பொங்கல் கழித்து வருகிறேன் என்று வாய்வரை வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.