கென்டக்கியின் ஆசிரியர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கென்டக்கி மாநிலத்தில் 2016இல் டிரம்ப் ஏறத்தாழ 30 சதவீதப் புள்ளிகள் வித்தியாசத்தில் வென்றார். 2019 ஆளுநர் தேர்தலுக்கு முந்தைய நாள் அவரே லெக்சிங்டனுக்கு வந்து பிரசாரம் செய்தார். அப்படியிருந்தும், மறுமுறை போட்டியிட்ட அவர் கட்சி ஆளுநர் மேட் பெவின் தோற்றார். ஜனாதிபதியின் செல்வாக்கு மாநிலத் தேர்தலில் எடுபடாதா? லிபர்டேரியன் என்ற மூன்றாவது கட்சி வாக்கைப் பிரித்துவிட்டதா? ஆசிரியர்கள் ஓய்வூதியத்துக்காகச் சுயநலத்தோடு பழிதீர்த்துக்கொண்டார்கள் என்றே எனக்குப் படுகிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

செல்வாக்கு எடுபடத்தான் செய்தது. அன்று மாநில அளவிலான மற்ற ஐந்து பதவிகளையும் குடியரசுக் கட்சியே வென்றது. தோற்றவர் பெவின் ஒருவரே, அதுவும் 5,136 வாக்குகளில். லிபர்டேரியன் வாதத்தை விட்டுவிடுங்கள். அக்கட்சிக்கு விழுந்த வாக்குகள் பெவினுக்கு உரியவை என்று யார் சொன்னது?

ஆனால் ‘சுயநலம்’ என்று எழுதினீர்களே, அதை என்னால் கடந்துபோக முடியவில்லை. கென்டக்கியின் பள்ளி ஆசிரியர்கள் சோஷியல் செக்யூரிட்டி என்னும் அமெரிக்க மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள். அந்த வேலையை நம்பி வாழ்ந்தவருக்கு முதுமையில் ஓய்வூதியமே பற்றுக்கோடு. என் அம்மா தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஆண்டுதோறும் ஓய்வூதிய நேர்காணலுக்குக் கருவூலத்துக்குப் போகும்போது, பள்ளிக்கு உடுத்திச் சென்ற வாயில் சேலைகளில் ஒன்றைக் கஞ்சி போட்டு உடுத்திக்கொள்வார். தன் உழைப்பின் மிச்சத்தை வாங்கப் போகிறோம் என்ற நிமிர்வு அவர் நடையில் இருக்கும். அதற்குச் சுயநலம் என்று பெயரிட உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

2018 மார்ச் 29 அன்று நடந்ததைப் பாருங்கள். கழிவுநீர்ச் சேவை தொடர்பான 11 பக்க மசோதா ஒன்றின் உள்ளடக்கத்தை அப்படியே நீக்கிவிட்டு, 291 பக்க ஓய்வூதியத் திருத்தங்களை அதில் நுழைத்து, சில மணி நேரத்திற்குள் இரு அவைகளிலும் நிறைவேற்றினார்கள். தங்கள் முதுமையைத் தீர்மானிக்கும் சட்டத்தைப் படித்துப் பார்க்கக்கூட ஆசிரியர்களுக்கு அவகாசம் தரப்படவில்லை. பெவின் அதில் கையெழுத்திட்டார். ஒவ்வொரு மசோதாவும் ஒவ்வோர் அவையிலும் மூன்று வெவ்வேறு நாட்களில் வாசிக்கப்பட வேண்டும் என்கிறது அம்மாநில அரசியலமைப்பு. வாசிக்கப்பட்டது கழிவுநீர், நிறைவேறியது ஓய்வூதியம். அவ்வாண்டு டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஒருமனதாகச் செல்லாததாக்கியது. அந்த வழக்கை நடத்திய, மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் ஆண்டி பெஷியர்தான் மறு ஆண்டு பெவினைத் தோற்கடித்தார்.

இடையில், 2018 ஏப்ரலில், ஆசிரியர்கள் விடுப்பெடுத்துத் தலைநகர் பிராங்ஃபர்ட்டில் திரண்டபோது, பள்ளி மூடியதால் தனித்து விடப்பட்ட ஏதோவொரு குழந்தை இன்று பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகியிருக்கும், அது உறுதி என்றார் பெவின். பிறகு மன்னிப்புக் கேட்டார். ஆனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் மீது விழுந்த பழி அது. ஒரு மன்னிப்பில் கரைந்துவிடுமா?

கட்சிப் பகையும் இதில் இல்லை. 2018 மே மாதம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலிலேயே, ஓய்வூதிய மசோதாவை உருவாக்கியவர்களுள் ஒருவரான மாநிலக் கீழவையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவரை டிராவிஸ் பிரெண்டா என்ற கணித ஆசிரியர் தோற்கடித்தார். தேர்தல் கணக்குகளை நுணுக்கமாகப் பார்ப்பவர் நீங்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் தேடி எடுத்துப் படியுங்கள். அதன் பிறகும் ஆசிரியர்கள் மீதுதான் குறை என்று தோன்றினால், மீண்டும் எனக்கு எழுதுங்கள்.