கரு உண்டாகிறது, தங்கவில்லை: முட்டை வளரும் மாத்திரை போடலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மாதவிலக்கு 28 அல்லது 29 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வரும். முதல் முறை, முயன்ற மூன்றாம் மாதமே கர்ப்பமானேன். ஆறாவது வாரத்தில் உதிரப்போக்கு ஏற்பட்டுக் கலைந்துவிட்டது. ஏழு மாதம் கழித்து மறுபடி உண்டானது. எட்டாவது வாரத்தில் ஸ்கேன் எடுத்தபோது இதயத்துடிப்பு இல்லை என்றார்கள். கணவர் வெளியூரில் இருந்ததால் அந்தச் செய்தியைத் தனியாகத்தான் கேட்டேன். பிறகு மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்தார்கள். அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. இப்போது மருத்துவர், விலக்கான இரண்டாம் நாளிலிருந்து ஐந்து நாளைக்கு லெட்ரோசோல் மாத்திரை போடும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தால் மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து என்று இருக்கிறது. என் நாத்தனார் இதுபோல ஏதோ மாத்திரை போட்டுத்தான் இரட்டைக் குழந்தை பெற்றார். "போட்டால்தான் என்ன?" என்கிறார் கணவர். "ஒரு வருடம் போகட்டும், உடம்பு தேறட்டும்" என்கிறார் அம்மா. அடுத்த வாரம் விலக்கு வர வேண்டும். போடட்டுமா, வேண்டாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: அடுத்த வாரமே தொடங்க வேண்டாம். மருந்தை எழுதிக் கொடுத்தவரிடம் போய், "எனக்கு முட்டை வெளிவருவதில்லையா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "ஆம்" என்று சொல்லி அதற்கான காரணத்தையும் காட்டினால் போடலாம். அவர் தயங்கினால், அந்த அட்டை பீரோவிலேயே இருக்கட்டும்.

நேரில் பார்க்காமல் இவ்வளவு சொல்வதற்குக் காரணம், உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருப்பதுதான். லெட்ரோசோல் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதைச் சில நாட்களுக்குக் குறைக்கிறது. பற்றாக்குறை வந்துவிட்டது என்று நினைத்து, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையைக் கூடுதலாகத் தூண்டுகிறது. முட்டை வளர்ந்து வெளியே வருகிறது. குளோமிஃபீன் என்ற இன்னொரு மாத்திரை வேறு வழியில் போய் அதே வேலையைச் செய்கிறது. முட்டையை வெளியே கொண்டுவருவதோடு இவற்றின் வேலை முடிந்தது. அந்த முட்டையின் குரோமோசோம்களைச் சரிசெய்வதோ, உருவான கருவைத் தாங்கிப் பிடிப்பதோ இவற்றால் ஆகாது. உங்களுக்கோ மாதவிலக்கு மணி அடித்தாற்போல் வருகிறது. மருந்தில்லாமல் இரண்டு முறை கருத்தரித்திருக்கிறீர்கள். முட்டை வருகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. விதை முளைக்காத வயலுக்குரிய மருந்தை, முளைத்த பயிர் கருகிப்போன வயலில் தெளித்து என்ன பயன்?

பிறகு ஏன் எழுதுகிறார்கள்? உங்கள் மருத்துவரைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் எழுதியிருக்கிறேன். இரண்டு முறை கரு கலைந்த பெண் கண் கலங்கி எதிரே உட்கார்ந்திருக்கும்போது, வெறும் கையோடு அனுப்ப மனம் வராது. மருந்துச் சீட்டு இல்லாமல் வெளியே வந்தால், "டாக்டர் எதுவுமே செய்யவில்லை" என்று வீட்டிலும் சொல்வார்கள். இருவருக்கும் ஆறுதலாக ஒரு மாத்திரை எழுதப்படுகிறது.

உங்கள் விலக்கு நாற்பது, ஐம்பது நாளுக்கு ஒருமுறை வந்திருந்தால், இதே கேள்விக்கு வேறு பதில் சொல்லியிருப்பேன். சினைப்பை நீர்க்கட்டி, அதாவது பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு லெட்ரோசோல் நல்ல மருந்து. 2014இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வில், பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களில் லெட்ரோசோல் எடுத்தவர்களுக்கு நூற்றுக்கு 27 பேர் அளவில் குழந்தை பிறந்தது. குளோமிஃபீன் எடுத்தவர்களுக்கு நூற்றுக்கு 19 பேர் அளவில். ஆனால் கர்ப்பமானவர்களில் கரு கலைவது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இருந்தது. அதுபோல, 35 வயதைத் தாண்டியவர் ஆறு மாதம் முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றாலோ, உங்கள் வயதில் ஒரு வருடம் முயன்றும் உண்டாகவில்லை என்றாலோ, முட்டை வளரும் மாத்திரை பற்றிப் பேசுவது நியாயம். நீங்கள் அந்த இடத்தில் இல்லை. சந்தேகமாக இருந்தால் விலக்கான 21 அல்லது 22ஆம் நாளில், முட்டை வந்தபின் கூடும் புரோஜெஸ்ட்ரான் ஹார்மோனின் அளவை ரத்தத்தில் ஒரு முறை பார்த்துவிடலாம். முட்டை வந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

புற்றுநோய் மருந்து என்ற பயம் வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க்கு இதை ஆண்டுக்கணக்கில் தினமும் கொடுக்கிறார்கள். இங்கே ஐந்து நாள்தான். 2011இல் இந்திய அரசு, குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கு லெட்ரோசோலைப் பயன்படுத்தத் தடை விதித்தது. பின்னால் அந்தத் தடை விலக்கப்பட்டது. பிறவிக் குறை கூடுமோ என்ற அச்சம் அப்போது இருந்தது. அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. நாத்தனாருக்குக் கிடைத்த இரட்டையர் நன்றாக இருக்கட்டும். குளோமிஃபீன் எடுத்துக் கருத்தரிப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பேருக்கு இரட்டைக் கரு உண்டாகிறது. லெட்ரோசோலில் அதைவிடக் குறைவு. இரட்டை என்றதும் வீட்டில் எல்லோரும் மகிழ்ந்துபோகிறார்கள். குறைமாதப் பிரசவமும் ரத்த அழுத்தமும் இரட்டைக் கர்ப்பத்தில் கூடுதல் என்பது பிரசவ வார்டில் இருக்கும் எங்களுக்குத்தான் தெரியும்.

ஆக, மாத்திரை விஷமல்ல. போட்டால் பெரிய கெடுதல் வந்துவிடும் என்று பயமுறுத்தவும் இல்லை. என் கவலை வேறு: "சிகிச்சை நடக்கிறது" என்ற நினைப்பில் நான்கைந்து மாதம் ஓடிவிடும், கரு ஏன் தங்கவில்லை என்று யாரும் தேட மாட்டார்கள். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் விலக்கு வழக்கத்தைவிட லேசாக, கறை போல மட்டும் வந்தால், அதை முதல் நாள் என்று எண்ணி மாத்திரையைப் பிரித்துவிடாதீர்கள். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பமாக இருக்கும்போது இந்த மாத்திரை கூடாது.

இனி, ஏன் கலைந்தது என்பதற்கு வருவோம். தொடக்க வாரங்களில் கலையும் கருக்களில் பாதி அளவுக்கு, சில ஆய்வுகளில் அதற்கு மேலும், குரோமோசோம் எண்ணிக்கை பிசகியவை. முட்டையும் விந்தணுவும் சேரும் நேரத்தில், அல்லது அதற்கும் முன்பே, நடந்துவிடும் பிசகு அது. நீங்கள் ஸ்கூட்டர் ஓட்டியதாலோ, தண்ணீர்க் குடம் தூக்கியதாலோ, விருந்துக்குப் போன வீட்டில் பப்பாளித் துண்டு ஒன்றைச் சாப்பிட்டதாலோ எட்டாவது வாரத்தில் இதயத்துடிப்பு நிற்காது. நீங்கள் இதைக் கேட்கவில்லை. ஆனாலும் கேட்காமலே மனத்துக்குள் வைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வயதில், இரண்டு முறை இழந்த பிறகும், அடுத்த கர்ப்பம் நல்லபடி முடிய நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் வாய்ப்பு இருக்கிறது. அதற்காக ஒன்றும் பார்க்காமல் மறுபடி முயலுங்கள் என்று சொல்ல மாட்டேன். மூன்று முறை கலைந்தால்தான் காரணம் தேடுவது என்பது பழைய வழக்கம். இரண்டு முறைக்குப் பிறகே தேடலாம் என்கின்றன இன்றைய ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டுதல்கள். தேட வேண்டியவையும் அதிகமில்லை. தைராய்டு, சர்க்கரை இரண்டையும் ரத்தத்தில் பாருங்கள். ரத்தம் உறைவதைக் கூட்டும் ஆன்டிபாஸ்போலிபிட் எதிர்ப்பொருள்களுக்கான சோதனை மூன்று பகுதி கொண்டது. ஏதாவது ஒன்று பாசிட்டிவ் என்று வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். கருப்பைக்குள் பிறவியிலேயே நடுத்தடுப்பு இருக்கிறதா என்று முப்பரிமாண ஸ்கேனில் தெரியும். உங்கள் இருவரின் குரோமோசோம் சோதனைக்குச் செலவு கூடுதல். அதை எல்லோருக்கும் எழுதுவதில்லை, உங்கள் மருத்துவருடன் பேசி முடிவெடுங்கள். எடுப்பதானால் கணவருக்கும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது முறை சுத்தம் செய்தபோது எடுத்த திசுவைக் குரோமோசோம் சோதனைக்கு அனுப்பியிருந்தால் பாதிக் குழப்பம் அன்றே தீர்ந்திருக்கும். பெரும்பாலும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிடுகிறார்கள். இந்தச் சோதனைக்கு அது உப்புநீரான சலைனில் போக வேண்டும்.

டார்ச் என்ற பெயரில் ஒரு நீளமான ரத்தப் பரிசோதனைப் பட்டியலை உங்கள் கையில் கொடுத்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திரும்பத் திரும்பக் கரு கலைவதற்கு அது காரணம் சொல்லாது. எப்போதோ வந்து போன தொற்றின் தடயத்தை "பாசிட்டிவ்" என்று காட்டும், அதற்கும் ஒரு மருந்து எழுதப்படும். பல பெண்களின் கோப்பில் இந்தச் சீட்டைப் பார்த்து எரிச்சலடைந்திருக்கிறேன்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். சுத்தம் செய்த பிறகு வரும் விலக்கு முன்பு போலவே இருக்கிறதா? மூன்று நாள் வந்துகொண்டிருந்தது இப்போது ஒரு நாள் சொட்டாகக் குறைந்திருந்தால், கருப்பையின் உட்சுவர்கள் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் முட்டை மாத்திரையால் ஒரு பயனும் இல்லை; ஹிஸ்டெரோஸ்கோப்பி என்ற மெல்லிய கேமராக் குழாய் வழியே உள்ளே பார்த்து, ஒட்டியதைப் பிரிக்க வேண்டும். உடனே சொல்லுங்கள்.

"கரு தங்குவதற்கான ஊசி" என்று புரோஜெஸ்ட்ரானைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வு, காரணம் தெரியாமல் மூன்று அல்லது அதற்கு மேல் கரு இழந்த 836 பெண்களிடம் இதைச் சோதித்தது. பிறப்புறுப்பு வழியே புரோஜெஸ்ட்ரான் வைத்தவர்களில் நூற்றுக்கு 66 பேருக்குக் குழந்தை பிறந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரை வைத்தவர்களில் 63 பேருக்கு. இந்த வித்தியாசத்தை மருந்தின் வெற்றியாகக் கொள்ள முடியாது. எனக்கு அந்த 63 தான் பெரிதாகத் தெரிகிறது. மருந்தே இல்லாமல் அத்தனை பேர் பெற்றிருக்கிறார்கள். ஆனால் முன்பே கரு இழந்தவருக்குத் தொடக்க வாரங்களில் ரத்தம் படத் தொடங்கினால் நிலைமை வேறு. 2019இல் வந்த அடுத்த பெரிய ஆய்வில் அவர்களுக்குப் பலன் தெரிந்தது. அதை ஒட்டி 2021 முதல் பிரிட்டிஷ் வழிகாட்டுதல், கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்று ஸ்கேனில் உறுதியானதும், 400 மில்லிகிராம் புரோஜெஸ்ட்ரானை நாளுக்கு இருமுறை பிறப்புறுப்பு வழியே வைக்கச் சொல்கிறது. அப்படி நேர்ந்தால் தாமதிக்காமல் கேளுங்கள். ஆஸ்பிரினும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் ஆன்டிபாஸ்போலிபிட் கோளாறு உறுதியானவர்களுக்கு உரியவை. "சும்மா இருக்கட்டும்" என்று போட்டுக்கொள்ளும் ஊசி அல்ல அது.

அம்மா சொல்லும் ஒரு வருட இடைவெளி உடம்புக்குத் தேவையில்லை. ஆறு மாதத்துக்குள் மறுபடி கருத்தரித்தவர்களுக்குக் கெடுதல் எதுவும் கூடவில்லை. மனம் தேற நாள் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் கணக்கு. முயல்வதானால் ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதே தொடங்குங்கள். விலக்கான பத்தாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருந்தால் போதும். ஒரு வருடம் முயன்றும் உண்டாகவில்லை என்றால், பீரோவில் இருக்கும் அந்த அட்டையையும் சோதனை முடிவுகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அப்போது லெட்ரோசோலுக்கு ஒரு காரணம் இருக்கும்.

நாள் தள்ளிப்போனால், இரண்டு நாளுக்கு ஒருமுறை பீட்டா ஹெச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனை ரத்தத்தில் பார்க்க ஓடாதீர்கள். வயிற்றுவலியோ உதிரப்போக்கோ இல்லையென்றால் ஏழாவது வாரத்தில் ஒரு ஸ்கேன் போதும். அந்தத் தேதியைக் கணவரிடம் முன்கூட்டியே சொல்லி விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள். இந்த முறை ஸ்கேன் அறைக்குள் அவரும் உங்களுடன் வரட்டும்.