கோடு இறங்கினால் வண்டி இறக்கத்தில் போகிறதா?

கேள்வி: பரீட்சையில் ஒரு நிலை-நேர வரைபடம் வந்தது. கோடு மேலே ஏறி, கொஞ்சம் படுக்கையாக ஓடி, பிறகு கீழே வருகிறது. ‘வண்டி மேட்டில் ஏறி, சமதளத்தில் ஓடி, இறக்கத்தில் இறங்குகிறது’ என்று எழுதினேன். ஒரு மார்க்கும் கிடைக்கவில்லை. எங்கே தப்பு?
- பிளஸ் ஒன் மாணவி, தக்கலை

பதில்: வரைபடத்தை ரோட்டின் படமாகப் பார்த்துவிட்டீர்கள். நிறையப் பேர் இடறும் இடம் இது. நிலை அச்சு உயரத்தைக் காட்டுவதில்லை. தொடக்கப்புள்ளி என்று நாம் வைத்துக்கொண்ட இடத்திலிருந்து பொருள் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்பதையே காட்டுகிறது.

கன்னியாகுமரி கண்ணாடிப் பாலத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் 77 மீட்டர். விவேகானந்தர் பாறைப் பக்க முனை 0, வள்ளுவர் சிலைப் பக்க முனை 77. ஒருவர் 70 விநாடியில் நடந்து அக்கரை சேர்கிறார். 30 விநாடி நின்று கடலைப் பார்க்கிறார். 55 விநாடியில் திரும்பி வந்துவிடுகிறார். இதை வரைந்தால் உங்கள் கேள்வித்தாளில் வந்த அதே வடிவம்தான் கிடைக்கும். படுக்கைக்கோடு, அவர் நின்ற நேரம். சமதளத்தில் ஓடியதாக நீங்கள் எழுதிய பகுதியில் வண்டி அசையவே இல்லை!

இனி சாய்வு, அதாவது நிலை வித்தியாசத்தை நேர வித்தியாசத்தால் வகுத்தால் வருவது. இந்த வரைபடத்தில் அதுதான் திசைவேகம் (திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகம்). போகும்போது 77 ÷ 70 = விநாடிக்கு 1.1 மீட்டர். திரும்பும்போது (0 − 77) ÷ (155 − 100) = −1.4. குறைக்குறி திசையைச் சொல்கிறது, மெதுவாவதை அல்ல. இறங்கும் கோடுதான் அதிகச் செங்குத்து. அப்படியென்றால் வரும்போதுதான் வேகம் அதிகம். மொத்தத் தொலைவு 154 மீட்டர். தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டதால் இடப்பெயர்ச்சி (தொடக்க நிலைக்கும் முடிவு நிலைக்கும் உள்ள வித்தியாசம்) 0. ஆகவே சராசரித் திசைவேகமும் 0.

இன்னொரு பிழையும் அடிக்கடி நடக்கிறது. 125-வது விநாடியில் அவர் 42 மீட்டரில் இருக்கிறார். 42-ஐ 125-ஆல் வகுத்து அதைத் திசைவேகம் என்று எழுதிவிடுகிறார்கள். அவர் திரும்பும் அந்தக் கோடு ஆதிப்புள்ளியில் (இரண்டு அச்சுகளும் 0 ஆகும் இடம்) தொடங்கவில்லையே! கோட்டின் மேல் இரண்டு புள்ளிகளை எடுத்து, நிலை வித்தியாசத்தை நேர வித்தியாசத்தால் வகுக்க வேண்டும்: (0 − 42) ÷ (155 − 125) = −1.4.

கேள்வி: இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டால் இருவருக்கும் ஒரே வேகமா?
- நாகர்கோவில் வாசகர்

பதில்: இல்லை. அந்த நொடியில் இருவரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரே திசைவேகம் என்றால் கோடுகள் இணையாக இருக்கும்.

கேள்வி: கோடு வளைந்திருந்தால் திசைவேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
- பிளஸ் ஒன் மாணவர், குளச்சல்

பதில்: எந்த நேரத்துக்குத் திசைவேகம் கேட்கிறார்களோ, அந்த இடத்தில் வளைகோட்டுக்குத் தொடுகோடு (வளைவை அந்தப் புள்ளியில் தொட்டபடி, அதே சாய்வில் போகும் நேர்கோடு) போடுங்கள். நின்ற இடத்திலிருந்து சீராக முடுக்கம் பெறும் ஒரு பஸ் 2, 4, 6 விநாடிகளில் 2, 8, 18 மீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். 4-வது விநாடியில் போடும் தொடுகோடு (2, 0), (6, 16) வழியாகப் போகும் (முதல் எண் விநாடி, அடுத்தது மீட்டர்). சாய்வு 16 ÷ 4 = விநாடிக்கு 4 மீட்டர். 8-ஐ 4-ஆல் வகுத்தால் வரும் 2, முதல் 4 விநாடிக்கான சராசரி மட்டுமே.

தொடுகோட்டை நீளமாக வரைந்து, தள்ளித் தள்ளி இரண்டு புள்ளிகளை எடுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் என்றால் ஒரு சிறு கட்டம் பிசகினாலே விடை வெகுவாக மாறிவிடும். கோணமானியை வைத்துக் கோட்டின் கோணத்தை அளந்து, சாய்வுக்காக அதன் டேன் (tan) மதிப்பைப் போடவே வேண்டாம். அளவுத்திட்டத்தை மாற்றினால் தாளில் கோணம் மாறும், பஸ்ஸின் வேகம் மாறாது. அச்சில் எழுதியுள்ள எண்களைத்தான் படிக்க வேண்டும்.